இடுப்புவலிக்கு வாங்கிய கூடாரம்

இடுப்பு வலிக்கிறது என்று நான் அர்பாபிடம் சொன்னது உண்மைதான். ஆனால் வைத்தியத்துக்காகச் சொல்லவில்லை.

ஷார்ஜாவில் ஓர் அரபி வீட்டுக்கு டிரைவர் நான்; அர்பாப் என்றால் முதலாளி. குளிர் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் ஒருவருக்கும் கால் தரையில் பாவாது. வியாழன் சாயங்காலம் அடுப்பு, ஜெனரேட்டர், கம்பளம், பிள்ளைகள் என்று இரண்டு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு மலீஹா பக்கம் மணல்மேட்டில் போய் இறங்கினால் சனிக்கிழமைதான் திரும்புவார்கள். ஒரு வண்டியை அர்பாப் ஓட்டுவார், இன்னொன்றை நான். அவர்களுக்குப் பெரிய கூடாரம் உண்டு. நான் வண்டியின் முன்சீட்டைச் சாய்த்துப் படுப்பேன். ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்டீயரிங்குக்கு அடியில் எத்தனை நாளைக்குத்தான் மடிந்து கிடப்பது?

ஆனாலும் என் கவலை இடுப்பு அல்ல, வெள்ளிக்கிழமை. வெயில் காலத்தில் வெள்ளிக்கிழமையானால் தொழில்பேட்டையில் ஊர்க்காரர்கள் தங்கியிருக்கும் ரூமுக்குப் போய்விடுவேன். ஒருவர் கறிக்குழம்பு வைப்பார், ஒருவர் வெங்காயம் உரிப்பார், நான் யாருடைய கட்டிலிலாவது காலை நீட்டிக்கொண்டு வம்பு பேசிக்கொண்டிருப்பேன். சொல்லிக்கொள்ளும்படி அங்கே ஒன்றும் நடக்காது. பாதிப் பேர் கைலியோடு தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். குளிர்காலம் வந்தால் அது போய்விடும். வலியென்று சொன்னால் அர்பாப் என்னை விட்டுவிட்டு, புதிதாக லைசென்ஸ் வாங்கிய தன் மூத்த மகனை ஓட்டச் சொல்வார் என்று நம்பினேன்.

அர்பாப் நல்ல மனிதர். தொல்லையே அதுதான். அடுத்த வியாழக்கிழமை நீளமான மூட்டை ஒன்றை வண்டியில் ஏற்றச் சொன்னார். மணலில் போய்ப் பிரித்தால் இரும்புக்கால் வைத்த மடக்குக் கட்டில். அதன் மேலேயே தடித்த கான்வாஸில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு குட்டிக் கூடாரம். உள்ளே மெத்தை, இரண்டு பக்கமும் ஜிப், கொசுவலை வைத்த ஜன்னல். இனி உனக்கு மணலும் இல்லை, தேளும் இல்லை என்றார். இந்த வாரம் படுத்துப் பார்த்துச் சொல், சரியில்லை என்றால் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வான், சரியாக இருந்தால் குளிர்காலம் முழுக்க வாராவாரம் இதில்தான் உனக்குத் தூக்கம் என்று முதுகில் தட்டினார். கட்டில் சரியாக இருந்தால் என் வெள்ளிக்கிழமை போச்சு.

குறை கண்டுபிடித்தே தீருவது என்றுதான் அதற்குள் ஏறினேன். ஆனால் மணலில் புதைந்த வண்டியைத் தோண்டி எடுத்து, ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டி, கரி மூட்டி, பாத்திரம் சுமந்து உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஜிப்பை இழுத்தது நினைவிருக்கிறது. கண் விழித்தால் நன்றாக விடிந்திருந்தது. கான்வாஸின் வெளிப்புறம் பனியில் ஊறிப்போயிருந்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. எழுந்து குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். இடுப்பில் வலியே இல்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அரபிக் காப்பியான காவாவைக் குடித்துக்கொண்டே எப்படி இருந்தது என்று அர்பாப் விசாரித்தார். புரண்டால் கிறீச்சிடுகிறது, தோள் இடிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று வாய்க்கு வந்ததை அடுக்கினேன். அவரோ ஒவ்வொன்றையும் அக்கறையோடு கேட்டுக்கொண்டு, தொழுகையும் சாப்பாடும் முடிந்ததும் தானே அதில் ஏறிப் படுத்தார். ஆள் என்னைப்போல் இரண்டு மடங்கு. கட்டில் முனகியதே தவிர முறியவில்லை. முறியட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதை மறைப்பானேன்? சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் வந்தது. சாயங்கால அசர் தொழுகைக்குத்தான் எழுந்தார்.

வெளியே வந்தவர், என் வீட்டுக் கட்டிலைவிட இது நன்றாக இருக்கிறதே என்றார். பிறகு என் முகத்தையே பார்த்து, உண்மையில் உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். இனி ஒளித்து ஆவதென்ன? வெள்ளிக்கிழமை வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை உனக்கு என்ன வேலை?" என்றார் அவருக்குத் தெரிந்த இந்தியில்.

"வேலை மாஃபி அர்பாப். அதுக்காகத்தான் கேக்கிறேன்" என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில், 'இல்லை' என்பதற்கு மட்டும் அரபியைக் கலந்து.

அவர் தலையாட்டினார். ரூமுக்குப் போக விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் வீட்டாரைக் கூப்பிட்டு, இனி வெள்ளிக்கிழமைகளில் டிரைவரை யாரும் எதற்கும் கூப்பிடக்கூடாது, அவன் படுத்திருப்பான், கலாஸ், அவ்வளவுதான் என்று உத்தரவு போட்டார். எனக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. மகன் மணலில் ஓட்டப் பழகவில்லை, அதனால் வண்டிக்கு நீதான் வரவேண்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த வெள்ளிக்கிழமை சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினார்கள். பிள்ளைகள் என் பக்கம் பந்தை உதைக்கவில்லை. வேலைக்காரப் பெண் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போனாள். ஜெனரேட்டரை அர்பாபே போராடிக் கிளப்புவது கேட்டது. எழுந்து உதவப் போனால் முறைத்தார். திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். கோபப்படக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்களே என்றிருந்தது. ஜிப்பை இழுத்து மூடினேன்.

குழம்பு இறக்குகிற நேரத்துக்கு ரூமிலிருந்து போன் வந்தது. பின்னால் தட்டுச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

"எங்கப்பா இருக்க? டூட்டியா?"

மெத்தையில் மல்லாந்து கிடந்தபடியே, "ஆமா, டூட்டிதான்" என்றேன்.