இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு சங்கிலி

வளைவு கட்டுவதில் கொத்தனாருக்கு இருந்த கெட்டிக்காரத்தனத்தில் பாதி அவர் மனைவியின் கழுத்தில்தான் கிடந்தது. இதை முகத்துக்கு நேரே சொன்னாலும் அவருக்குக் கோபம் வராது. "பாதியா? முக்கால்வாசின்னு சொல்லு" என்பார்.

வாசலுக்கு வளைவு வைக்கும் வேலை வந்தால் மனிதர் நேரே சமையலறைக்குப் போய்க் கையை நீட்டுவார். "சங்கிலியைக் கழட்டு."

"கழுத்துக்கு வாங்குனீங்களா, சுவத்துக்கு வாங்குனீங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றித் தருவாள். சமையலறைச் சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. கணவர் அடித்த ஆணி கோணலாகப் போகிறதென்று சுத்தியலைப் பிடுங்கி அவளே அடித்தவை. சங்கிலியின் இரு முனைகளையும் அவற்றில் மாட்டினால் நடுவில் தானாகத் தொங்கும். அந்தத் தொங்கலைத் தாளில் வரைந்து, தலைகீழாகத் திருப்பி, வாசல் அகலத்துக்குப் பெரிதாக்கிக் கட்டுவார். எந்தக் கோட்டில் சங்கிலி தன் கனத்தைத் தாங்கித் தொங்குகிறதோ, அதே கோட்டில் செங்கல்லும் தன் கனத்தைத் தாங்கி நிற்கும். அவர் வளைவு எதுவும் விரிசல் கண்டதில்லை.

கடைசி நோயில் அவளுக்குக் கழுத்து வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சங்கிலியை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தக் களேபரத்தில் ஒரு துண்டு எங்கோ போனது. அவளும் போய்விட்டாள். மீதியை ஒட்ட வைத்து வாங்கி வந்தார். நாலு விரற்கடை குறைந்திருந்தது.

அதற்கப்புறம் அவர் கொத்துக் கரண்டியையே தொடவில்லை. தையல்காரியான மகள்தான் விடாமல் நச்சரித்தாள். "என் வீட்டுல முன் ரூமுக்கும் மிஷின் ரூமுக்கும் நடுவுல ஒரு வளைவு வச்சுக் குடுங்கப்பா. எனக்காக."

சங்கிலியை மாட்டினார். அது பழையபடி இறங்கவில்லை, மேலேயே நின்றுவிட்டது. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வளைவு தட்டையானால் கனம் கீழே இறங்காமல் பக்கச் சுவர்களை வெளியே தள்ளும். மகள் வீட்டுச் சுவரோ ஒல்லி. ஓர் ஆணியைப் பிடுங்கி மற்ற ஆணிக்குக் கிட்டே தள்ளி அடித்தால் தீர்ந்தது. ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தவர், திரும்ப வைத்துவிட்டார். மனைவி அடித்த ஆணி.

"தாங்கும்" என்றார், கேட்க ஆளில்லாத சமையலறையில்.

முட்டுக் கொடுத்த மரங்களை எடுத்தபோது வளைவு நின்றது. மறுநாள் மகள் கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தார். பக்கச் சுவர் வெளியே சாய்ந்திருந்தது, வளைவின் உச்சி பிளந்திருந்தது. உதிர்ந்த செங்கல் ஒன்று அவள் உட்கார்ந்து தைக்கும் நாற்காலியில் கிடந்தது.

"இப்பத்தான் தண்ணி குடிக்க எந்திரிச்சேன்பா."

கொத்தனார் அந்தச் செங்கல்லைக் கையில் எடுத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். சங்கிலி குறைந்ததையும் தெரிந்தே கட்டியதையும் சொன்னார்.

"ஆணியை நகத்தியிருக்கலாமேப்பா?"

"உங்கம்மா அடிச்சதும்மா."

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் குறட்டைக் கையில் எடுத்தார். ஆணி லேசில் வரவில்லை. வந்தபோது சுவர்ப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. அதையே கிட்டே தள்ளி அடித்தார், கோணலாகத்தான் போயிற்று. சங்கிலியை மாட்டினார். அது நன்றாக இறங்கி, அவள் கழுத்தில் கிடந்த மாதிரியே தொங்கியது.

"தள்ளி அடிச்சிட்டேன். கோச்சுக்காத" என்றார்.

தாளை வைத்து வரைந்தார். கண்ணீர் சொட்டிக் கோடு கெட்டுப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தாள் எடுத்தார்.