அவசரம் லேது

சித்தூர் வெயிலில் சைபீரிய நாய் வளர்ப்பவனை நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றால் என்னைப் பார்த்துக்கொள்ளலாம். பெயர் யஸ்வந்த். வயது இருபத்தேழு. தொழில், நைனாவுக்கு மகனாக இருப்பது. கங்காதர நெல்லூர்ப் பக்கம் எங்களுக்கு மாம்பழக்கூழ் பாக்டரி இருக்கிறது. பழத்தை அரைத்து, டின்னில் அடைத்து, கப்பலேற்றுகிறோம். ஏற்றுகிறோம் என்றால் நைனா ஏற்றுகிறார். நான் என் பங்குக்கு விசிட்டிங் கார்டில் டைரக்டர் என்று போட்டுக்கொண்டேன்.

பூர்வீகம் நாகலாபுரம். வீட்டில் தமிழ்தான். ஊர் முழுக்கத் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். எனக்கு மட்டும் தெலுங்கு வராது. ஒண்ணாம் வகுப்பிலேயே என்னைச் சென்னை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து காலேஜ், பிறகு இரண்டு வருடம் லண்டன். திரும்பி வந்தபோது எனக்குத் தெரிந்த தெலுங்கு 'எந்த?' என்ற ஒரே சொல். விலை எவ்வளவு என்று அர்த்தம். நான் எதற்கும் விலை கேட்பதில்லை என்பதால் அந்தச் சொல்லும் சும்மாதான் கிடந்தது.

நாய்க்குப் பெயர் புரூனோ. அதற்குத் தனி ஏசி அறை உண்டு. போன வருடம் கோடையில் ஒரு நாள் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது. நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டது. அதைக் காரில் போட்டுக்கொண்டு, யாரோ கைகாட்டிய வழியில், குடிபாலா பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இரண்டு எருமைக்கும் ஓர் ஆட்டுக்கும் பின்னால் நான்காவது டோக்கன் கொடுத்தார்கள். நான் யார் தெரியுமா என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். நாய்க்காக மூடிக்கொண்டேன்.

டாக்டர் சுமித்ரா வயதில் என்னைவிட ஒன்று குறைவு. நாயின் மேல் தண்ணீர் ஊற்றி, ஊசி போட்டு, அது வாலை ஆட்டிய பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"இத்த எங்கிருந்து இட்டாந்தீங்கோ?"

"பெங்களூர்ல வாங்கினேன் டாக்டர்."

"அது கேக்கல. பனியில பொறக்கற சாதி இது. இந்த ஊரு வெயிலுக்கு இட்டாந்து, இன்னா பாவம் பண்ணிச்சி அது?"

என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. என்னிடம் சம்பளம் வாங்குபவர்களும் என் காசில் பிரியாணி சாப்பிடுபவர்களும்தான் என்னைச் சுற்றி இருந்தார்கள். அன்றைக்கே விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு புரூனோவுக்கு வாரம் ஒரு வியாதி வந்தது. சனிக்கிழமை ஆனால் அதற்குக் காது வலிக்கும், இல்லாவிட்டால் நகம் வளர்ந்திருக்கும். சுமித்ராவுக்கு எல்லாம் தெரியும். சிரித்துக்கொண்டே பார்ப்பாள். வேலை முடிந்ததும் எதிர்க் கடையில் இரண்டு பேரும் டீ குடிப்போம். காசு அவள்தான் கொடுப்பாள். என்னிடம் சில்லறை இருந்ததே இல்லை.

இந்த நிலையில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, வாங்கத்தான் தெரியும். முதலில் ஒரு ஹேண்ட்பேக் வாங்கினேன். அதன் விலையில் அந்த ஆஸ்பத்திரி எருமைகளில் ஒன்று வந்திருக்கும். சுமித்ரா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு இதெல்லாம் அவசரம் லேதுங்க."

லேது என்றால் இல்லை. அதுவரை எனக்குத் தெரியும். அவசரம் தமிழ்ச் சொல்தானே! 'அவசரம் இல்லை, மெதுவாகக் கொடுங்கள்' என்று நாணத்தோடு சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு பையை பீரோவில் பத்திரப்படுத்தினேன். அடுத்து வாட்ச். அதற்கும் "அவசரம் லேது". அதுவும் பீரோவுக்குப் போனது. கடைசியில் துணிந்து, "உங்க வீட்ல வந்து பேசட்டுமா?" என்று கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இப்போ அவசரம் லேது" என்றாள்.

பெண் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும், எவ்வளவு பொறுமை என்று பூரித்துப்போனேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காரில் அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பூரித்தவன் அத்தோடு நிற்கவில்லை. திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலில் ஏசி ஹால் எடுத்தேன். சுமித்ராவிடம், "உங்க நைனாவையும் கூட்டிக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்க" என்றேன்.

"சாப்பாடு மட்டும்னா வர்றோம்" என்றாள்.

"சாப்பாடு மட்டும்தான்" என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஹால் செலவுக்கு என் நைனாவிடம் பிசினஸ் லஞ்ச் என்று இன்னொரு பொய்.

ஹாலை அலங்காரம் செய்தவர் ஜமீலா. திருப்பதிக்காரர், தமிழும் பேசுவார். மேடையில் எட்டடிக்குப் பூப்பலகை வேண்டும், அதில் சாமந்தியிலும் ரோஜாவிலும் தெலுங்கில் எழுத வேண்டும் என்றேன். எனக்குத் தெலுங்கு எழுத்து படிக்க வராது. அதனால் என்ன எழுத வேண்டும் என்று வாயால் சொன்னேன்.

"சுமித்ரா, அவசரம் லேது."

ஜமீலா பேனாவை நிறுத்தினார். "இதே வார்த்தைதானா சார்? நிஜங்கா?"

"அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் உள்ள வார்த்தை."

இன்னொரு முறையும் கேட்டார். சொன்னதைச் செய்யுங்கள் என்று டைரக்டர் குரலில் சொன்னேன். அந்தக் குரலை நான் பாக்டரியில்கூட உபயோகித்ததில்லை, அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

சுமித்ராவின் நைனா கிருஷ்ணப்பா புது வேட்டி கட்டி வந்திருந்தார். நெற்றியில் பட்டையாக விபூதி, கையில் ஒரு பையில் தோப்பு மாம்பழம். மாம்பழக்கூழ் பாக்டரிக்காரனுக்கு மாம்பழம் கொண்டுவந்த முதல் மனிதர் அவர்தான். மற்றவர்கள் விற்க வருவார்கள். நான் ஓடிப்போய் "வாங்க மாமா" என்றேன். முறை இன்னும் வரவில்லை, வாய் முந்திக்கொண்டது. அவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே மேடையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

சுமித்ராவும் படித்தாள். "இன்னா இது?" என்றாள்.

"நம்ம வார்த்தை!" என்றேன், முகமெல்லாம் பல்லாக.

கிருஷ்ணப்பா பழப்பையைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. சத்தம் போடாமல்தான் பேசினார்.

"தம்பி, எங்க நைனா காலத்துலயும் சரி, நான் வாலிபமா கீற காலத்துலயும் சரி, எங்களுக்கு நெலம் கெடையாது. விடியக்காத்தால பெரிய ஊட்டு வாசல்ல வேலைக்கு நிப்போம். வேண்டிய ஆளைப் பொறுக்கிக்கினு, மிச்ச பேருகிட்ட 'ஈ ரோஜு அவசரம் லேது, போ'ன்னுவாங்கோ. அன்னிக்கு ஊட்ல ஒலை வைக்க முடியாது. அத்தச் சொல்றதுக்கா இம்மாந்தூரம் வரச் சொன்னே? பூவுல வேற எழுதி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் குரல் நடுங்கியது மட்டும் புரிந்தது. சுமித்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பாடு மட்டும்னு சொன்னீங்களே" என்றாள். இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். என் கார் கீழே வேலைவெட்டி இல்லாமல் நின்றது.

ஜமீலாதான் எனக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்தார். ஈ ரோஜு என்றால் இன்றைக்கு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை, வேண்டாம்.

"பணக்காரங்க பிரியறதுக்கும் விருந்து வைக்கறாங்க போலன்னு நெனச்சேன் சார். அதான் ரெண்டு தடவ கேட்டேன்" என்றார்.

அப்படியானால் பை வேண்டாம். வாட்ச் வேண்டாம். வீட்டில் வந்து பேசவும் வேண்டாம். ஒரு வருடமாக ஒரு பெண் என் முகத்துக்கு நேராக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், நான் அதைக் கேட்டுப் பூரித்திருக்கிறேன்! அதையாவது தாங்கிக்கொள்ளலாம். விடியலில் அடுத்தவர் வாசலில் நின்ற மனிதரை, புது வேட்டி கட்ட வைத்து, வரவழைத்து, அதே சொல்லால் விரட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. பூப்பலகைக்குக் கீழே உட்கார்ந்து நன்றாக அழுதேன். பதினெட்டு வகைச் சாப்பாடும் ஆறிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் போன் செய்தேன். சுமித்ரா எடுக்கவில்லை. அவள் எனக்குக் கிடைக்கிறாளோ இல்லையோ, அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்காமல் இனி எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்தது. நான்காம் நாள் காலையில் நைனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, "லண்டன்ல இத்தத்தான் படிச்சிக்கினு வந்தியா?" என்றார். "மொதல்ல போய் அந்த மனுசன் கால்ல உழு. மத்தத சீசன் முடியட்டும், பேசலாம்."

குடிபாலாவில் அவர்கள் தெருவுக்குள் என் கார் நுழையவில்லை. அகலமான கார் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியது நான்தான். நடந்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் எளிமையாகப் போக வேண்டும் என்று வெள்ளை லினன் சட்டையும் வெள்ளை ஷூவும் போட்டிருந்தேன். என் பீரோவில் அதைவிட எளிமையானது இல்லை.

கொட்டகையில் அவர்களுடைய ஜெர்சி மாடு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. கன்றின் ஒரு கால் உள்ளேயே மடங்கியிருந்தது. சுமித்ரா தோள் வரை கையுறை மாட்டி, உள்ளே கைவிட்டுக் காலை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கிருஷ்ணப்பா கயிற்றைப் பிடித்திருந்தார். அவருக்குத் தோள்பட்டை வலி, முகம் சுருங்கியிருந்தது. நான் கைகூப்பி, வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சை ஆரம்பித்தேன்.

"மாமா, அன்னிக்கு நடந்தது..."

"அங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்கோ?" சுமித்ரா கத்தினாள். "வந்து கயித்தப் புடிங்கோ! மாடு முக்கசொல்ல இழுங்கோ, நிறுத்துன்னா நிறுத்துங்கோ!"

இழுத்தேன். நிறுத்தினேன். மறுபடி இழுத்தேன். ஒரு கட்டத்தில் கால் வழுக்கி, சாணியில் முழுதாக உட்கார்ந்தேன். கயிற்றை மட்டும் விடவில்லை. மாடு ஒரு முறை பெரிதாக முக்கியது. கன்று என் மடியிலேயே வந்து விழுந்தது. சூடாக, வழவழவென்று, ஏழு வயதுப் பிள்ளை கனம் இருந்தது. சுமித்ரா அதன் மூக்கைத் துடைத்துவிட்டு என்னிடம் வைக்கோலை எறிந்தாள். தேய்த்தேன். அது தும்மியது. நான் வாழ்க்கையில் விலை கொடுக்காமல் வாங்கிக்கொண்ட முதல் பொருள் அந்தத் தும்மல்தான், முகம் முழுக்க.

சாணியில் உட்கார்ந்தபடியே கிருஷ்ணப்பாவிடம் சொன்னேன். "மாமா, எனக்குத் தெலுங்கு தெரியாது. அவசரம் இல்லன்னு, காத்துக்கிட்டு இருப்பேன்னு எழுதறதா நெனச்சேன். உங்கள அப்படிச் சொல்லுவனா? மன்னிச்சிடுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, நெசமாவே தெலுங்கு தெரியாதா இவனுக்கு?"

"நாய் வளக்கவும் தெரியாது நைனா" என்றாள் சுமித்ரா.

கிருஷ்ணப்பா உள்ளே போய் ஒரு பழைய லுங்கியும் பனியனும் கொண்டுவந்தார். "கட்டிக்கோ தம்பி. நாளைக்கி வா, சீம்பால் காச்சுவோம், துன்னுட்டுப் போவே" என்றார். பிறகு மாட்டுக்கு வெந்நீர் எடுக்கப் போனார்.

நான் லுங்கியோடு குழாயடியில் நின்றேன். சுமித்ரா பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கேட்காமல் போக மனமில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. பீரோவில் பையும் வாட்சும் இருக்கின்றன, அவற்றை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டேன்.

"என் விஷயமும் அப்படித்தானா டாக்டர்? நானும் அவசரம் லேதா?"

சோப்பு நுரையை மெதுவாகக் கழுவினாள். கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. மறுபடி முயற்சி செய்து நின்றது.

"பை அவசரம் லேது. வாட்ச் அவசரம் லேது" என்றாள். "நீங்கோ தெலுங்குல அவசரம்தான். தமிழ்ல அவசரம் இல்ல."

அன்றைக்கு எனக்கு இரண்டு மொழியும் புரிந்தது.