சாம்பல் நிறத்தில் நான்கு சேர்ட்

சேர்ட்டில் பெயர் அச்சடிக்கிற மையின் மணம் இன்றைக்கும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. விளையாட்டுச் சாமான் கடைகளில் புது ரீசேர்ட்டுகளைக் குவித்து வைத்திருக்கிற பக்கம் போனாலே அந்த ரப்பர் மணம் மூக்கில் ஏற, நான் மற்றப் பக்கம் திரும்பி நடந்துவிடுவேன். அம்மாவுக்கு எல்லாம் மணக்கும் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். மணப்பது மை இல்லை என்று ஒவ்வொரு தடவையும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் பிறகு வாயைத் திறக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் எங்கள் ஆட்களின் கல்யாணமும், பெண்பிள்ளைகள் பெரியவளானதற்குச் செய்கிற சாமத்தியவீடும் பெருகத் தொடங்கியிருந்தன. அதுவரை யார் வீட்டுக் கொண்டாட்டம் என்றாலும் சொந்தக்காரர்களே விடிய எழும்பிச் சமைத்து, அவர்களே வாளி தூக்கிப் பரிமாறுவார்கள். பிறகு எல்லோருக்கும் வேலை வந்தது. கையில் காசு புழங்கியது. முதுகும் நோகத் தொடங்கியது. சமைத்து, பரிமாறி, கழுவி முடித்துக் கொடுக்கிற தொழில் ஒன்றைத் தொடங்கினால் என்ன என்ற யோசனை என் அக்காவின் புருஷனுக்குத்தான் முதலில் வந்தது. அத்தான் கதைத்தே ஆளை விழுத்துகிற ரகம். ஓடர் பிடிப்பது அவர், சமைப்பது நானும் என் சிநேகிதியும், பரிமாறுவதற்கு அத்தான் தன் பக்கத்தில் சிலபேரைச் சேர்ப்பார். அதுதான் பேச்சு.

சிநேகிதியும் நானும் அகதியாக வந்து இறங்கிய காலத்தில் ஒரே விடுதியில், ஒரே அறையில், ஒரே இரட்டைத்தட்டுக் கட்டிலில் படுத்து எழும்பியவர்கள். நான் மேலே, அவள் கீழே. அவளுடைய கைக்கு ஒரு ருசி இருந்தது. கத்தரிக்காயைப் பொரித்துத் தேங்காய்ப்பாலில் போட்டு அவள் வைக்கிற பால்கறியைச் சாப்பிட்டவர்கள் சட்டியை வழித்துத்தான் வைப்பார்கள். அத்தானும் அப்படித்தான். அவள் வீட்டுப் பக்கம் போனால் சாப்பிடாமல் திரும்பமாட்டார். "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்று தட்டை நீட்டியபடி அவள் மேசையில் அவர் குந்தியிருப்பதை என் கண்ணால் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

அவள் அப்போது ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தாள். படுக்கை விரிப்பிலும் கம்பளத்திலும் கண்டவர்களும் விட்டுப்போன கறையை எல்லாம் எடுப்பது அவள் வேலை. வைன், இரத்தம், குடித்துவிட்டு எடுத்த சத்தி, வேறென்னவோ. அந்த ஹோட்டலின் பெயர் போட்ட ஏப்ரனோடு மாலையில் வந்து என் சோபாவில் விழுவாள்.

"ஆற்றையோ பேரை நெஞ்சிலை காவிக் காவி அலுத்துப் போச்சு. எங்கடை பேர் போட்ட சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, சபைக்கு நடுவிலை நிண்டு, நான் வைச்ச கறியை என்ரை கையாலை பரிமாறோணும். அதொண்டுதான் எனக்கு ஆசை" என்று சொன்னாள்.

இதென்ன பெரிய ஆசை என்று நீங்கள் நினைக்கலாம். பெரிய ஆசைதான். எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களில் அடுப்படியில் கிடாரம் கழுவுவதற்கு அவளைத் தேடித் தேடிக் கூப்பிடுவார்கள். பரிமாறுகிற வாளியை மட்டும் ஒருநாளும் அவள் கையில் கொடுத்ததில்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதி. ஊரில் அவளுடைய ஆட்களுக்குக் கிணறு வேறு, வாசல் வேறு, தேத்தண்ணிக் குவளை வேறு. ஜேர்மனிக்கு வந்து எல்லோரும் ஒரே குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தோம். ஒரே வரிசையில் நின்றுதான் விசாவுக்கு முத்திரை குத்தி வாங்கினோம். ஆனாலும் அந்தச் சீழ் பெட்டியோடு பெட்டியாக விமானம் ஏறி வந்திருந்தது. சொந்தத் தொழில் என்றால் யார் தடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் அவள் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்தாள்.

சேர்ட் யோசனையும் அத்தானுடையதுதான். "இங்கத்தை டொச்சுக்காரனைப் பாருங்கோ, தெருக்கூட்டத் தும்புத்தடி பிடிக்கிறவனும் கம்பனிப் பேரோடைதான் நிக்கிறான். உடுப்பைப் பாத்துத்தான் சனம் மதிக்கும்" என்றார். தொழிலுக்கு ஒரு பெயரும் வைத்தார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதக் கை கூசுகிறது. கொலர் வைத்த ரீசேர்ட், நெஞ்சில் பெயர், முதுகில் குத்துவிளக்குப் படம். "மெரூனிலை எட்டு, சாம்பலிலை நாலு" என்று சொல்லிவிட்டார். சாம்பல் எதற்கு என்று கேட்டேன். குசினியில் சமைக்கிறவர்களுக்கு என்றார். கரி தெரியாது என்பதற்காக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு சேர்ட் அடிக்க ஆள் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் மனிதர்களின் இலட்சணம். ரெலிபோன் புத்தகத்தைப் பார்த்து அச்சுக்காரர்களுக்கு ஒவ்வொருவராக எடுத்தேன். என் டொச்சு மொழியைக் கேட்டதும் பாதிப்பேர் பெருமூச்சு விட்டார்கள். எத்தனை என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் மிச்சப்பேர் சிரித்தார்கள். நூறுக்குக் கீழே இயந்திரத்தையே திருப்பமாட்டோம் என்றார்கள். ஒருவன், பன்னிரண்டுதான் என்றால் உன் அம்மாவிடம் கொடுத்து ஊசிநூலால் தைப்பியேன் என்றான். அம்மாவுக்குக் கண் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

கடைசியில் ரயர் மாற்றுகிற கராஜுக்குப் பின்னால் ஒரு பட்டறை அகப்பட்டது. ஒரு டொச்சுக்காரப் பெண் தனியாக நடத்தினாள். பத்து என்றாலும் அடிப்பேன், வாருங்கள் என்றாள். நானும் சிநேகிதியும் போனோம். சீ, அப்படி ஓர் இடம். சிகரெட் சாம்பல் கோப்பிக் கோப்பைக்குள் ஊறிக் கிடந்தது. அடித்துக் காயப்போட்ட சேர்ட் குவியலுக்கு மேல் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. அவள் நாயைத் தடவினாள், அதே கையால் எங்களுக்கு ரீசேர்ட் ஒன்றை எடுத்து நீவிக் காட்டினாள். இவள் அடிக்கிற சேர்ட்டோடு சாப்பாட்டுக்குப் பக்கத்தில் போவதா என்று நான் முகத்தைச் சுளித்தேன். என் சிநேகிதி எதையும் கவனிக்கவில்லை. மெரூன் சாம்பிள் ஒன்றை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்கு முன் போய் நெஞ்சோடு வைத்துப் பார்த்தாள். தோளைச் சரிசெய்தாள். மறுபடி பார்த்தாள்.

அச்சுக்காரி எங்கள் கணக்கைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். மெரூனுக்கு வெள்ளை மை, சாம்பலுக்குக் கறுப்பு மை. நடுவில் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். இந்தச் சின்ன எண்ணிக்கைக்கு இரண்டு நிறம் பைத்தியக்காரத்தனம், ஒரே நிறமாக எடுங்கள் என்றாள். நியாயம்தானே. அவளுடைய ரெலிபோனிலேயே அத்தானுக்கு எடுத்தேன்.

"அத்தான், எல்லாத்தையும் மெரூனிலை எடுப்பம். ரெண்டு நிறமெண்டால் வீண் செலவாம்."

"ஏலாது. சாம்பல் வேணும்."

"குசினியிலை நிக்கிறவையும் பிறகு பரிமாற வரத்தானே வேணும். மாத்தி மாத்திப் போட்டுக்கொண்டு நிக்கிறதே?"

"உம்மடை சிநேகிதி வரத் தேவையில்லை. அதுக்குத்தானே சாம்பல்."

கத்திக் கதைத்தால்தான் மறுபக்கம் கேட்கும் என்பது அத்தானின் நினைப்பு. அவருடைய குரல் ரிசீவரை விட்டு வெளியே வந்து பட்டறை முழுக்க நின்றது. நான் காதோடு இறுக்கிப் பிடித்தும் பலனில்லை.

"உமக்கு விளங்கேல்லை. சனம் கேக்கும், ஆர் பரிமாறினதெண்டு. மெரூன் சேர்ட் போட்டவை எல்லாம் எங்கடை ஆக்கள்தான் எண்டு நான் சொல்லிப்போட்டன். இந்த முதல் கல்யாணத்து மாப்பிள்ளையின்ரை தேப்பன் அதைக் கேட்டுத்தான் ஓடரே தந்தவர்."

"அப்ப சமைக்கிறது?"

"சமைக்கிறதை ஆர் பாக்கினம். குசினிக்குக் கதவு இருக்குத்தானே."

ரெலிபோனை வைத்தேன். என் சிநேகிதி மெரூன் சாம்பிளை மேசையில் விரித்து, பழைய மடிப்பிலேயே மடித்து, பொலித்தீன் பைக்குள் வைத்து, ஒட்டுவாயை அழுத்தி ஒட்டினாள். ஒரு மடிப்பும் பிசகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது, அவள் பழகியிருந்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்று அச்சுக்காரி கேட்டாள். விசாவுக்கும் வரிக்கும் பல்லுவலிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் டொச்சில் சொல் படித்து வைத்திருந்தேன். இதற்கு என்னிடம் சொல் இல்லை. சிநேகிதிதான் பதில் சொன்னாள், ஹோட்டலில் படித்த டொச்சில், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

"சுகாதாரத்தைப் பற்றி யோசிக்கிறார். சாப்பாட்டை எல்லோரும் தொடக்கூடாதாம்."

"நல்ல மனிதர்" என்றாள் அச்சுக்காரி, நாய்மயிர் ஒட்டிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. அந்த மையின் மணம் அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் விடவில்லை. பன்னிரண்டும் மெரூன் என்று சொல்லி, என் பெயரில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

சேர்ட் வந்த பெட்டியை அத்தான் என் வீட்டில்தான் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து அடிவரை பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணம் நெருங்கிவிட்டது, புதிதாக அடிக்க நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"அவவைக் குசினியை விட்டு வெளியிலை விடாதையும்" என்றார்.

"அவ தொழிலிலை பங்காளி அத்தான். எங்கை நிக்கிறதெண்டு அவ யோசிப்பா."

அக்கா பக்கத்தில் இருந்து என்னைச் சமாதானம் செய்தாள். "அவர் தன்ரை மனசுக்காகவே சொல்லுறார்? சனத்துக்காகச் சொல்லுறார். தொடங்க முதலே இழுத்து மூடப் போறியோ?"

இந்தச் சனம் என்கிற பிராணியை நான் வாழ்க்கையில் நேரில் கண்டதே கிடையாது. ஆளைக் கேட்டால் எனக்கொன்றுமில்லை, சனத்துக்காகத்தான் என்பார்கள். அந்தச் சனத்தைப் போய்க் கேட்டால் அதுவும் அதையேதான் சொல்லும். எல்லோரும் கை கழுவிச் சுத்தமாக நிற்பார்கள், ஊத்தை மட்டும் எங்கிருந்தோ தானாக வந்து சபையில் இருக்கும். இதைச் சொன்னதற்கு, உனக்கு வாய் கூடிப்போச்சு என்றாள் அக்கா.

கல்யாணம் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. சுவரில் ஏறுகிற கம்பிகளுக்கு முன்னால் மணவறை, அதற்கு எதிரே நீள மேசைகள். குசினியில் நானும் அவளும் விடியற்புறமே இறங்கிவிட்டோம். முதல் சுற்றை அத்தானின் ஆட்கள் பரிமாறினார்கள். பால்கறி வாளி வெறுமையாகத் திரும்பி வந்தது, நிரப்பி அனுப்பினோம், மறுபடி வெறுமையாக வந்தது. "கறி இன்னும் கேக்கினம்" என்று வந்த பையன் சொன்னதும் அவள் கையைத் துடைத்தாள். பெட்டியிலிருந்து புதுச் சேர்ட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாளியைத் தானே நிரப்பித் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே போனாள். நான் சோற்றோடு பின்னால் போனேன்.

முதல் மேசையில் ஒரு மனுசி, கூறைச்சேலைக்குக் குறையாத பட்டு, கழுத்தில் மூன்று வடம். கறியை வாங்குவதற்கு முன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கேட்டாள்.

"பிள்ளை ஊரிலை எவடம்?"

ஊர் தெரியாதவர்களுக்கு இது அன்பான விசாரிப்பு. எங்களுக்குத் தெரியும், அது சாதி கேட்கிற கேள்வி. ஊரைச் சொன்னால் போதாது, ஊருக்குள் எந்த மூலை என்று சொல்ல வேண்டும். அவள் ஊரைச் சொன்னாள். மூலையையும் சொன்னாள், சத்தமாக, மறைக்காமல்.

மனுசி தட்டுக்கு மேல் கையை விரித்தாள். "போதும் பிள்ளை, வயிறு நிரம்பீட்டுது."

பக்கத்தில் இருந்தவரும் கையை விரித்தார். அடுத்தவரும் விரித்தார். வாளியை விட வேகமாகச் செய்தி மேசை வழியே ஓடியது. நான் முன்னால் போய் வாளியை வாங்கப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள். திரும்பியும் போகவில்லை. ஒவ்வொருவருக்கு முன்னாலும் நின்றாள். "கறி வேணுமோ?" என்று மரியாதையாகக் கேட்டாள். அவர்கள் கையை விரிக்கும்வரை காத்திருந்தாள். ஒருவருக்கு வாய்வாம். ஒருவருக்கு எண்ணெய் கூடாதாம். ஒருவர் இருவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்களின் தட்டில் முதல் சுற்றில் வாங்கிய, அவள் சமைத்த கறிதான் பாதி தின்றபடி கிடந்தது. அவள் அப்பால் போனதும் ஒருவர் கையை எடுத்து, மிச்சக் கறியைச் சோற்றில் பிசைந்து, விரல் ஒவ்வொன்றாகச் சூப்பினார். வாழ்நாளில் எத்தனையோ ஊத்தைகளைக் கழுவியிருக்கிறேன். அந்த விரல்களைப் போல ஒன்று என்னை அருவருக்கச் செய்ததில்லை.

கடைசியில் மாப்பிள்ளையின் தகப்பனும் அவருக்குப் பக்கத்தில் அத்தானும் இருந்தார்கள். தகப்பன்தான் அத்தானைப் பிடித்து இழுத்து இருத்தியிருக்க வேண்டும். அத்தானின் நெஞ்சில் எங்கள் பெயர் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருந்தது.

"அண்ணை, கறி?" என்றாள்.

அத்தான் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். தட்டுக்கு மேல் கையை விரித்தார்.

"கையை எடுங்கோ அண்ணை."

எடுக்கவில்லை. அவள் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு ஓர் அகப்பைக் கறியை எடுத்து, அவசரப்படாமல், அந்தக் கையின் மேலேயே ஊற்றினாள். மஞ்சள் பால் விரலிடுக்கால் ஒழுகித் தட்டில் இறங்கியது. அவர் திடுக்கிட்டுக் கையை உதற, கறி நெஞ்சில் தெறித்தது. அவள் வாளியை அவருக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

அதோடு தொழில் படுத்தது. எங்களுக்கு இரண்டாவது ஓடர் வரவேயில்லை. அவள் ஹோட்டலில் போய்க் கேட்க, திரும்ப எடுத்தார்கள். மெரூன் சேர்ட்டை வீட்டில் சமைக்கும்போது போட்டுக்கொள்வாள். அத்தான் வேறு ஆட்களோடு மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை சேர்ட் இரண்டு நிறத்தில் என்று கேள்விப்பட்டேன்.

அக்கா கனகாலம் என்னோடு கதைக்கவில்லை. ஒருநாள் தானாகவே ரெலிபோன் எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

"அத்தான்ரை அந்தச் சேர்ட்டிலை வெள்ளை எழுத்தெல்லாம் மஞ்சளாய் நிக்குது. என்ன போட்டுத் தோய்ச்சும் போகுதில்லை. என்ன செய்யலாம்?"

"எனக்குத் தெரியாது அக்கா. கறை எடுக்கிறதெண்டால் அவளிட்டைத்தான் கேக்கோணும். நம்பர் தரட்டே?"

அக்கா ரெலிபோனை வைத்துவிட்டாள்.