முப்பதைத் தாண்டாத முள்

தர்மபுரி கடைத்தெருவில் மெதுவாகப் போவதற்கென்றே மோட்டார் சைக்கிள் வாங்கிய ஒரே மனிதர் நூர் பாஷாதான். எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று வாக்கில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த கடை. என்னுடையது ரேடியோ ரிப்பேர். அவருடையது அத்தர், கண்ணுக்கிடும் சுர்மா, தொப்பி. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். என் பக்கத்து ஈயப் புகையும் அவர் பக்கத்து ஜவ்வாது வாசமும் கலந்து, வருகிறவர்களின் மூக்கைக் குழப்பும். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் வெள்ளைச் சட்டையில் இருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எப்படியோ ஒத்துப்போனது.

வண்டி வாங்கிய கதைக்குக் காரணம் அவர் மனைவி அஸ்கரி பேகம். அந்த அம்மாவின் தம்பி லாரியில் கிளீனராக இருந்தான். தொப்பூர் இறக்கத்தில் ஒரு நாள் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். துக்கச் செய்தி சொல்ல வந்த போலீஸ்காரர், வண்டி கண்டபடி வேகமாக வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை அந்த அம்மாவின் மனதை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு பஸ் ஏறவில்லை. கேட்டால், "டிரைவரு எவ்வளவு வேகத்துல போறாருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? வேகம் காட்டற முள்ளு அவரு முன்னாடியில்ல இருக்குது" என்பார்.

அந்த அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்களில் மிச்சமிருந்தது அக்கா ரோஷன் பீ மட்டும்தான். மாரண்டஹள்ளியில் கல்யாணம் செய்துகொடுத்திருந்தார்கள். அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, படி ஏறி பஸ்ஸில் வர முடியாது. தங்கை பஸ் ஏற மாட்டார். இரண்டு வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நூர் பாஷா யோசித்து யோசித்து, சேலத்தில் ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். வீட்டு வாசலில் நிறுத்தி மனைவியைக் கூப்பிட்டார். "இந்தா, முள்ளு இங்க இருக்குது. பின்னால உக்காந்து நீயே பாரு. முப்பதத் தாண்டினா தோளத் தட்டு, நிறுத்திடறேன்."

அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து கடையைப் பூட்டினால் இருவரும் மாரண்டஹள்ளிக்குக் கிளம்புவார்கள். மறுநாள் திரும்புவார்கள். போகிற வழி முழுக்க அந்த அம்மா கணவர் தோளுக்கு மேல் எட்டி முள்ளையே பார்த்துக்கொண்டு வருவார். இறக்கங்களில் பால்காரர்கள் சைக்கிளில் மணியடித்து ஒதுங்கச் சொல்லிவிட்டு முந்திப் போவார்கள். "என்ன பாய், வண்டிய ஓட்டறீங்களா, நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று நான் சீண்டுவேன். "ஊரு எங்கயும் ஓடிப் போயிடாது பெரியண்ணா" என்று என் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். அந்த வெள்ளிக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இன்று அதே சாலையில் எல்லாரும் பறக்கிறார்கள், யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகப் போனது. பிறகு அந்த முள்ளுக்கு மேலிருந்த வட்டக் கண்ணாடி மங்க ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில் மூச்சு பட்டதுபோல் ஒரு படலம். அடுத்த மாதம் மேலே இருந்த பளபளப்புப் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதற்கும் அடுத்த மாதம் மோர் ஊற்றியதுபோல் முழுக்க வெளுத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஊர் எல்லை தாண்டி இரண்டு மைல் போயிருப்பார்கள். அஸ்கரி பேகம் தோளைத் தட்டினார். "முள்ளு தெரியல. நான் எறங்கறேன்." இறங்கினவர் இறங்கினவர்தான். நூர் பாஷா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்த அம்மா வீட்டைப் பார்த்து முன்னால் நடக்க, இவர் அவ்வளவு கனமான வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட நடந்து வந்தார். ஏறி ஓட்டி வந்திருக்கலாமே என்று கேட்டேன். "அவ நடக்கறப்ப நான் எப்படி உக்காந்து வர்றது?" என்றார்.

அதன் பிறகு கண்ணாடிக்கு வைத்தியம் நடந்தது. தேங்காயெண்ணெய் தடவினார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், பற்பொடியும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி இன்னும் கொஞ்சம் கெட்டது. மெக்கானிக் காஜா, புதுசு பெங்களூரிலிருந்து வர வேண்டும், அடுத்த வாரம் வந்துவிடும் என்றான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் தக்காளி லோடு கொண்டுவந்த டிரைவர் ஒருவர் ரோஷன் பீ சொல்லியனுப்பியதைக் கடை வாசலில் நின்று சொன்னார்: "நான் செத்து மையத்தான பெறகாவது நடந்தாச்சும் வருவாளான்னு கேக்கச் சொன்னாங்க."

நூர் பாஷா அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் வேகம் காட்டும் அந்த மீட்டரை வண்டியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "நீ எதாச்சும் பண்ணுப்பா" என்றார்.

கண்ணாடி என்று எல்லாரும் சொன்னாலும் அது பிளாஸ்டிக். வளையத்தை நெம்பி வெளியே எடுத்து, விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். வளையத்தின் இடுக்கில் தங்கியிருந்த வாசம் குப்பென்று அடித்தது.

"பாய், இத எதால தொடச்சீங்க?"

"துணியாலதான்."

"பொய் சொல்லாதீங்க. ஜவ்வாது தூக்குது."

மேஜை மேலிருந்த வளையத்தை எடுத்துத் திருப்பினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வண்டிப் பொக அவளுக்கு ஒத்துக்காது, கொமட்டும். முள்ளப் பாக்க எட்டறப்ப மூஞ்சி அங்கதான் வருது. அதான் கெளம்பறதுக்கு முன்னால, வூட்ல வெச்சே, பஞ்சுல தொட்டு அது மேல கொஞ்சம் தேச்சுடுவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அத்தர்ல கண்ட எண்ணெயும் ஸ்பிரிட்டும் கெடக்குது. பிளாஸ்டிக்ல பூசுனா மேப்பூச்சு வெந்து போவாதா? இத்தன வருசமா விக்கறீங்க, இது தெரியாதா?"

"கண்ணாடின்னுதான் நெனச்சேன்" என்றார். "கடையில அத்தன அத்தரும் கண்ணாடி பாட்டில்லதான இருக்குது. ஒண்ணும் ஆவறதில்லையே."

கத்தியதற்காக எனக்கே வெட்கமாகிவிட்டது. பழைய ரேடியோ ஒன்றின், ஊர்ப் பெயர்கள் அச்சிட்ட முன்பக்கப் பிளாஸ்டிக்கில் எழுத்தில்லாத பகுதியாகப் பார்த்து வட்டமாக அறுத்தேன். இரண்டு நாள் ஓரத்தை ராவி, வளையத்தில் உட்காரவைத்தேன். ஓரத்தில் எங்கோ ஒரு ஊர்ப் பெயரின் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி பளிங்கு. "இனிமே இது மேல தண்ணித் துணி தவிர வேற எதுவும் படக்கூடாது" என்று கண்டித்துச் சொன்னேன். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத" என்று கெஞ்சினார்.

அந்த வெள்ளிக்கிழமை அஸ்கரி பேகம் கடை வாசலுக்கே வந்தார். முகத்திரையைத் தூக்கிவிட்டு, குனிந்து முள்ளை நன்றாகப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். வண்டி பத்தடி போயிருக்கும், தோளைத் தட்டிவிட்டார். போச்சு, இவ்வளவு பாடும் வீண் என்று நினைத்தேன்.

"முள்ளு தெரியலையா?" என்று கேட்டார் நூர் பாஷா.

"அது நல்லாத் தெரியுது. வாசன எங்கீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறு வழியில்லாமல், வாசனைதான் கண்ணாடியைக் கெடுத்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஐந்து மாதம் அக்காவைப் பார்க்காமல் இருந்தவர், திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "கடையத் தெறந்து எடுத்துட்டு வாங்க. கண்ணாடியில வேணாம். உங்க காலர்ல பூசிக்குங்க."

பூட்டிய கடையைத் திறந்து, காலரில் பூசிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்புகிறவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மதியம் திரும்பினார்கள். அக்கா தங்கை இருவரும் விடிய விடியப் பேசி அழுதிருக்கிறார்கள், முகமே சொன்னது. என் வேலைக்குப் பாராட்டு வாங்கும் ஆசையில், "முள்ளு வழியெல்லாம் தெளிவா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"பாலக்கோடு வரைக்கும் பாத்தனுங்கண்ணா" என்றார் அஸ்கரி பேகம் மெதுவாக. "அதுக்கப்பறம் பாக்க மறந்துட்டேன். வர்றப்பவும் பாக்கல." சொல்லும்போதே கண் கலங்கியது. தம்பி போன நாளிலிருந்து அந்த அம்மா வேகத்தை மறந்தது அன்றைக்குத்தான். முகத்திரை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் போன பிறகு நூர் பாஷாவைச் சும்மா விட மனமில்லை எனக்கு. "அப்ப இன்னிக்குத்தான் பாய் வண்டிய வண்டி மாதிரி ஓட்டியிருப்பீங்க. எவ்வளவு, அம்பதா? அறுவதா?"

அவர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துக்கொண்டே சொன்னார்.

"முப்பதுதான் பெரியண்ணா. அவ பாக்கலன்னா நான்தான பாக்கணும்."