பானெட்டில் பாதி எனக்கு, பாதி அவருக்கு

நாற்பத்தோரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம் ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கினேன். ஸ்ரீவராகத்தில் மலையாளிகள் நிறைந்த ஒரு தெருவில் என் வீடு. அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி அக்காவும் அத்திம்பேரும் இருந்தார்கள். நான் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டால் போதும், அத்திம்பேர் வாசலுக்கு வந்துவிடுவார். யாரும் கேட்காமலே கையை ஆட்டி வழி சொல்வார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற இஞ்சினியரிடம், "இவளுக்கு நான்தானாக்கும் கண்ணு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காரைக் கழுவித் துடைத்துவிட்டு மெழுகு போடுவேன். துணியில் கொஞ்சமாகத் தொட்டு, ஒரு முழத்துக்கு மேல் போகாமல் தடவி, அது வெளுத்துக் காயும்வரை காத்திருந்து, வேறு துணியால் துடைத்து எடுக்க வேண்டும். முழுக் காருக்கும் மூன்று மணி நேரம் ஆகும். தோள் வலிக்கும். வாரம் முழுக்க ஆபீசில் மற்றவர்கள் எழுதிய ஃபைலைத் திருத்துகிறவளுக்கு, தான் செய்த வேலையில் தன் முகமே தெரிவது ஒரு சுகம். அந்த மூன்று மணி நேரத்தில் யாரோடும் பேச மாட்டேன்.

சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்காக இரண்டு நாள் நாகர்கோவில் போனேன். சாவி அக்காவிடம் இருந்தது. திரும்பி வந்தபோது கார் ஷெட்டில் தகதகவென்று நின்றது. பக்கத்தில் போனேன். பானெட்டின் முன் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு போய், அடியிலிருந்த சாம்பல் பூச்சு தெரிந்தது.

அத்திம்பேர் ஆன்லைனில் ஒரு பாலிஷ் மெஷின் வாங்கியிருந்தார். அவருடைய கார் புத்தம் புதுசு, கருநீலம். அதில் முதலில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. என் காரில் பழகிப் பார்த்திருக்கிறார்.

ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் சொன்னது இது: "நீ வாராவாரம் கையால தேச்சுத் தேச்சு பெயிண்டையே கரைச்சு வெச்சிருக்கே. மெஷின் வெச்சதும் வெளியில தெரிஞ்சுடுத்து, அவ்வளவுதான்."

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பாறசாலைக்காரர் ஒருவர்தான் அங்கே பெயிண்டர். விரலால் தடவிப் பார்த்தார். "இது கை கொண்டு தேச்சா வராது சேச்சி. மெஷின் ஒரே இடத்தில நின்னிருக்கு, சூடாகிப் பெயிண்டு கரிஞ்சுபோச்சு." பிறகு காரை வெயிலுக்குத் தள்ளச் சொன்னார். கறுப்பு முழுக்கச் சிலந்தி வலை போட்டதுபோல் வட்டம் வட்டமாகக் கீறல்கள். "நிழலில தெரியாது. வெயில்தான் காட்டிக்கொடுக்கும்" என்றார்.

அந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அக்கா வீட்டில் ஆயுஷ்ஹோமம். இருபது பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அத்திம்பேர் கதையை முதலிலிருந்து சொன்னார், என்னைப்போலத் துணியால் தேய்த்து நடித்தும் காட்டினார். இலையில் பாயசம் ஓட ஓடச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதிலிருந்து எனக்குத் 'தேய்க்கிறவள்' என்று பெயர். எட்டு மாதம் அந்தப் பெயரோடு இருந்தேன். பானெட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கவில்லை. கோபம் ஆறிவிடக்கூடாது என்று பயந்தேன்.

அத்திம்பேர் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி. வருஷக் கூட்டத்தன்று காலை, தம் காரிலேயே மெஷின் பாலிஷ் செய்து காட்டப்போவதாக வாட்ஸாப்பில் அறிவித்தார். நான் உடனே எழுதினேன்: "பானெட்டில் பாதி அத்திம்பேர் மெஷினில். மறுபாதி நான் கையால். எது நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்லட்டும்." ஐந்து நிமிஷத்தில் இருபது கட்டைவிரல்கள். அவர் மறுக்க முடியாது. மறுக்கிற எண்ணமும் அவருக்கு இல்லை, ஜெயிப்போம் என்றே நம்பினார்.

அசோசியேஷன் ஹாலை ஒட்டிய ஷெட்டில் அவர் கார் நின்றது. பானெட்டின் நடுவில் டேப் ஒட்டினோம். அவர் மெஷினைக் கையில் எடுத்து, "பாத்தேளா, பத்தே நிமிஷம்" என்றார். அது கத்திக்கொண்டு சுற்றியது. பத்து நிமிஷத்தில் அவர் பாதி கண்ணாடிபோல ஆகிவிட்டது. நான் என் பாதியை முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பாதிப்பேர் இட்லி சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வந்தவர்கள் இரண்டையும் பார்த்தார்கள். அவர் பக்கம்தான் அதிகமாக மின்னியது. கைதட்டினார்கள்.

"தோத்துட்டேன்னு ஒத்துக்கோ" என்றார் அத்திம்பேர்.

"ஒத்துக்கறேன் அத்திம்பேரே. ஆனா ஷெட்டுல இருட்டா இருக்கே, போட்டோ நன்னா வராது. செத்த ரோட்டுக்கு எடுங்கோளேன். குரூப்புல போட்டுடலாம்."

போட்டோ என்றதும் அவரே சாவி போட்டு, அவரே ஓட்டி வந்து நடுத்தெருவில் நிறுத்தி, தலையைக் கோதிக்கொண்டு இறங்கினார்.

வானத்தில் மேகம். கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை, சும்மா அசையாமல் நின்றது. ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். ஃபோனைத் தூக்கிப் பிடித்து, "அந்தப் பக்கம் நில்லுங்கோ, இல்லை, இந்தப் பக்கம்" என்று அவரை நாலு தடவை இடம் மாற்றினேன். "சீக்கிரம் எடேன்" என்றார். அப்போது வெயில் வந்தது.

இஞ்சினியர்தான் முதலில் குனிந்தார். "அய்யோ, இது எந்தா இங்ஙனே?" இதென்ன இப்படி என்று மலையாளத்தில் பதறினார்.

டேப்புக்கு ஒரு பக்கம் தெளிந்த கருநீலம், மறுபக்கம் முழுக்க வலை. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத கார். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். அத்திம்பேர் கைக்குட்டையால் துடைத்தார். கீறல் துடைத்தால் போகுமா?

நான் மலையாளத்தில் பேசினேன். தமிழில் சொன்னால் விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். "இது மெஷின் பட்ட பாதி. என் காரும் இவர் கையில் இப்படித்தான் ஆச்சு, விளிம்பும் கரிஞ்சுது. நான் தேச்சுக் கெடுத்தேன்னு எட்டு மாசமா சொல்லிண்டிருக்கார்." அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. அவர் காதுமடல் சிவந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கு முன்பும் பின்பும் எந்தச் சிவப்பும் எனக்கு அவ்வளவு அழகாகத் தோன்றியதில்லை.

சாயங்காலம் அக்கா ஃபோன் செய்தாள். "நோக்குத் திருப்தியாச்சாடீ?"

"ஆச்சு" என்றேன். வைத்துவிட்டாள்.

பிறகு கரமனைப் பக்கம் ஒரு கடையில் வேறொரு மெஷினால் அரை நாளில் அந்த வலையை முழுக்க எடுத்துவிட்டார்களாம். வேலை தெரிந்தவன் கையில் மெஷின் தப்புச் செய்யாது என்று அப்போதுதான் புரிந்தது. கேள்விப்பட்டபோது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, அவர் கார் அவ்வளவு சீக்கிரம் சரியாகியிருக்க வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து அக்காவை நான்தான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கிழக்கேகோட்டை சிக்னலில் நின்றபோது அவள் பேசினாள். "ஒரு வாரம் அவர் வாசல்ல கால் வெக்கலை. பேப்பரைக்கூட நான்தான் எடுத்துண்டு வந்தேன். செக்ரட்டரியும் வேண்டாம்னுட்டார். பாவமாத்தான் இருந்தது."

"ஓ" என்றேன்.

அதற்குமேல் ஏதாவது சொல்வேன் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். பச்சை விழுந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் சிரிப்பது அவளுக்குத் தெரிய வேண்டாம்.