ஞாயிற்றுக்குப் பதில் செவ்வாய்

யுத்தம் வருவதற்கு முந்தைய சில வருஷங்கள் நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பருத்தி அரவை மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சு எடுக்கிற மில் அது. தை பிறந்தால் வண்டி வண்டியாகப் பருத்தி வரத் தொடங்கும். ஆடிக்கு முன் ஓய்ந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் எண்ணெய் இஞ்சின் பகல் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். ஸ்கூல் பைனல் தேறியிருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். இவை இரண்டும்தான் என் தகுதி.

முதலாளி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தோட்டத்தில் பாடுபட்டுச் சேர்த்ததைப் போட்டு மில்லைக் கட்டினார். காலையில் நான் போகும்போது அவர் ஏற்கெனவே வண்டிக்காரர்களோடு பேசிக்கொண்டு நிற்பார். மாலையில் நான் கிளம்பும்போதும் நிற்பார். ஒரு நாள்கூட அவர் வீட்டில் தங்கி நான் பார்த்ததில்லை. பின்னால் நடந்ததைச் சொல்லும்போது அவரைக் கெட்டவராக்கிவிட்டு நான் நல்லவனாகிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் சேலத்துக்குப் போய்த் திரும்பியவர் ஒரு மெல்லிய ஆங்கிலப் புஸ்தகத்தை என் மேஜைமேல் போட்டார். தொழிற்சாலைச் சட்டம்.

"ஏப்பா, இதுல நம்மளப் புடிக்கிற மாதிரி என்னென்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லு. இனிமே இன்ஸ்பெக்டரு வருவானாமா."

இரண்டு நாள் படித்தேன். பெரும்பாலானவை இயந்திரத்துக்கு வேலி போடுவது, கக்கூஸ் கட்டுவது பற்றியவை. அவரைத் தொட்ட விதி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டுமென்றால், அந்த ஞாயிற்றுக்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் அவர்களுக்கு விடுமுறை விட வேண்டும். எந்த நாள் என்பதை முன்கூட்டியே எழுதி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு ஒன்று அனுப்பி, மில்லுக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒன்று ஒட்ட வேண்டும். எப்படி மாற்றினாலும் பத்து நாளைக்கு மேல் ஒருவர் தொடர்ந்தாற்போல் வேலை செய்யக் கூடாது.

முதலாளி கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஞாயித்துக்கெழமை நமக்கென்னப்பா விசேசம்? காளை மாட்டுக்குக் கெழம தெரியுமா, பருத்திக்குத் தெரியுமா?" சற்று யோசித்து, "செவ்வாக்கெழமைன்னு எழுதிப் போடு. அன்னிக்குத்தான் சந்தை" என்றார்.

நல்ல யோசனை என்றே நினைத்தேன். ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எழுதினேன். 'வருகிற ஞாயிற்றுக்கிழமை மில் வேலை செய்யும். அதற்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை முழு நாளும் தொழிலாளர் அனைவருக்கும் விடுமுறை.' தமிழ் எழுத்துகளைக் கொஞ்சம் பெரிதாக, அழகாகவே எழுதினேன். ஒன்றைத் தபாலில் அனுப்பிவிட்டு மற்றதை வாசல் சுவரில் கஞ்சிப் பசை தடவி ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடியது. செவ்வாய்க்கிழமையும் ஓடியது.

காலையில் சங்கு ஊதியதும் பெண்கள் வழக்கம்போல் உள்ளே போனார்கள். நான் முதலாளியைப் பார்த்தேன். வாசலில் நின்ற வண்டிகளைக் காட்டி, "இத்தன பேர நிக்க வெச்சுப்போட்டுக் கதவச் சாத்தச் சொல்றயா? எழுதறத எழுதியாச்சில்ல, அது போதும்" என்றார். யார் எந்த நாள் வந்தார்கள் என்று குறிக்கிற ஆஜர்ப் புஸ்தகத்தில் அன்றைக்கு எல்லோர் பேருக்கும் நேராக 'லீவு' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பக்கத்து அறையில் அவர்கள் பருத்தி அள்ளிப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். முதல் வாரம் கை கூசியது. மூன்றாவது வாரம் கூசவில்லை. ஆறு வாரம் இப்படிப் போயிற்று.

ஏழாவது வாரத்து நோட்டீஸை ஒட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். அரவை இயந்திரத்துக்குப் பருத்தி கொடுக்கிற முப்பது சொச்சம் பெண்களில் ஒருத்தி. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், என் மூத்த அக்காள் வயதிருக்கும். தலை, புருவம், இமை எல்லாம் பஞ்சுத் தூசி.

"ஏனுங்க சாமி, வாரம் தவறாம ஒட்டறீங்களே, அது என்னத்துக்குங்க? ஆரையாச்சும் வேலைய உட்டு நிறுத்தறதுக்குங்களா?"

அப்போதுதான் தெரிந்தது, ஒவ்வொரு வாரமும் என் அழகான கையெழுத்தைப் பார்த்து அவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள் என்பது. பேர் வெட்டுகிற காகிதம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆறு வாரமாக அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நீ போ" என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, எழுதியிருந்ததை அப்படியே படித்தேன்.

"இன்னொருக்கா படிங்க சாமி."

மறுபடி படித்தேன்.

"செவ்வாக்கெழமை எங்களுக்கு லீவுங்களா?"

"ஆமா."

"அப்ப நாங்க வேலைக்கு வாரது தப்புங்களா?"

"தப்பு உங்க மேல இல்லக்கா" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற கவலை எனக்கு. அவள் சோளச் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "சரிங்க, அந்தச் சட்டத்துல உங்களுக்கு எந்தக் கெழமை லீவு?"

அதையும் நான் பார்த்திருந்தேன். இயந்திரம் ஓடாத அறையில் உட்கார்ந்து எழுத்து வேலை மட்டும் செய்கிறவன் அந்தச் சட்டப்படி தொழிலாளியே இல்லை. "எனக்கு அதுல எடமில்ல" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நீங்க முதலாளி பக்கமுங்களா, அவிய பக்கமுங்களா?" என்று கேட்டாள். நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். திங்கட்கிழமையும் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை சங்கு ஊதியது, இஞ்சினைக் கிளப்பினார்கள், வார் பட்டைகள் சுழன்றன. பருத்தி கொடுக்க ஒரு ஆள் இல்லை. வெறும் இயந்திரங்கள் கடகடவென்று ஓடுவதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. முதலாளி வாட்ச்மேனை அவர்கள் குடியிருப்புக்கு அனுப்பினார். சிறிது நேரத்தில் அந்தப் பெண் மட்டும் அவனோடு வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். பஞ்சில்லாத அவள் தலைமயிரில் பாதி நரைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஏம்புள்ள, ஆரும் வரல?"

"இன்னிக்கி லீவுங்களே, எசமான்."

"ஆரு உட்டது?"

"நீங்கதானுங்க. செவுத்துல எழுதி ஒட்டியிருக்கறீங்களே."

முதலாளி சுவரைப் பார்த்தார். "உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க." அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தாழ்ந்த குரலில் கேட்டாள்: "தெரியாதுன்னுதானுங்க ஒட்டுனீங்களா?"

வண்டிக்காரர்கள் நான்கைந்து பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. உள்ளே வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நீதான் படிச்சுச் சொன்னயா?"

"ஆமாங்க. கேட்டுச்சுங்க, சொன்னேன்."

"அதைக் கிழிச்சுப்போடு."

"கிழிச்சா அதுவும் தப்புங்க. ஒரு காயிதம் இன்ஸ்பெக்டர் ஆபீசுல இருக்குதுங்க. அதுல செவ்வாக்கெழமைன்னுதானுங்க இருக்குது."

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நானும் பொறந்ததுல இருந்து ஒரு நா சும்மா இருந்ததில்லப்பா. எனக்கு ஆரு லீவு உட்டா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டது போலிருந்தது. பிறகு எழுந்து போய் இஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் மில் மூடியிருந்தது. எல்லோருக்கும் அதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வேலைக்கு வந்தால்தான் கூலி. ஒரு நாள் கூலி போயிற்றே என்று இரண்டு பெண்கள் அவளை வழியில் மறித்துச் சண்டை போட்டார்களாம். "சட்டம் லீவு உடச் சொல்லுது, கஞ்சிக்கு ஆரு சொல்றது?" என்று கேட்டார்களாம். அந்தக் கேள்விக்குப் பதில் புஸ்தகத்தில் இருக்கிறதா என்று நான் தேடினேன். இல்லை.

நான் மட்டும் செவ்வாய்க்கிழமைகளிலும் ஆபீசுக்குப் போனேன். முதலாளியும் வருவார். மூடிய மில்லில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். அப்படிப் போன ஒரு நாள் வழியில் அந்தப் பெண் தன் வீட்டுச் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சேறு. வாசலில் துவைத்த துணி ஒரு கொடி நிறையக் காய்ந்தது. சந்தைக்கு வேறு போக வேண்டும் என்றாள்.

"லீவன்னிக்கிச் சித்தெ படுத்திருக்கக் கூடாதா அக்கா?" என்றேன்.

"இது ஊட்டு வேலைக்கு உட்ட லீவுங்க சாமி. படுக்கறதுக்கு இன்னொரு லீவு உடச் சொல்லுங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. ஆறு வாரமும் ஆஜர்ப் புஸ்தகத்தில் நான் என்ன எழுதினேன் என்பதைச் சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லாதது அது. சேற்றுக் கையோடு நின்று கேட்டாள்.

"அந்த ஆறு நாளும் நாங்க ஊட்டுல இருந்தம்னா எழுதியிருக்கறீங்க?"

"ஆமா."

"இருந்திருந்தா இந்தச் செவுத்த அப்பவே பூசியிருப்பேனே" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி மண்ணைப் பிசையத் தொடங்கினாள். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பருவம் முடிகிற சமயத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆஜர்ப் புஸ்தகத்தை விரித்தார். புஸ்தகம் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார். "விடுமுறை ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். "இப்போது கொடுக்கிறோம், சார்" என்றேன். 'இப்போது' என்று சொல்ல வேண்டும் என்று முன்பே நினைத்து வைத்திருக்கவில்லை; வந்துவிட்டது. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், அந்த ஆறு வாரத்துப் பக்கங்களைத் திரும்பப் புரட்டினார். அவற்றில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நான்தான் சுத்தமாக எழுதியிருந்தேனே. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஏன் முழுவதையும் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலாளிக்குப் பயந்தேன் என்பது பாதி. என் கையெழுத்துக்குப் பயந்தேன் என்பது மீதி.

அடுத்த பருவத்தில் யாரும் சொல்லாமலே செவ்வாய்க்கிழமை விடுமுறையாக இருந்தது. சித்திரையில் ஒரு சனிக்கிழமை மேற்கே மேகம் திரண்டது. களத்தில் பருத்தி மலைபோல் குவிந்து கிடந்தது. நனைந்தால் மஞ்சள் பூத்துவிடும். செவ்வாய்க்கிழமை மில்லை ஓட்டினால்தான் முடியும். முதலாளி என்னைக் கூப்பிட்டு நோட்டீஸ் எழுதச் சொல்வார் என்று பேனாவை எடுத்து வைத்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வேப்பமரத்தடிக்குத் தாமே நடந்து போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேகத்தைக் காட்டினார், குவியலைக் காட்டினார். அவர்கள் தங்களுக்குள் வெகுநேரம் பேசினார்கள். அவ்வளவு நேரமும் அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் அந்தப் பெண் எழுந்து சொன்னது எனக்கும் கேட்டது.

"வாரமுங்க எசமான். சந்தைக்கு வேலை முடிஞ்சு பொழுதோட போய்க்கறோம். ஆனா புதன்கெழமை எங்களுக்கு உட்டுப்போடோணும். எழுதி ஒட்டச் சொல்லுங்க. ஒட்டறப்ப கணக்குக்கார சாமி சத்தமாப் படிக்கோணும்."

அப்படியே எழுதினேன். ஒட்டிவிட்டு, அவர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, சத்தமாகப் படித்தேன். முதலாளியும் ஒரு ஓரமாக நின்று கேட்டார். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் களம் காலியாகிவிட்டது. புதன்கிழமை மில் மூடியிருந்தது. மழை வெள்ளிக்கிழமைதான் வந்தது.