மணி அடிக்காத சாயங்காலம்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, வெயில் காய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது இது. ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே தள்ளி, எப்போதோ மூடிவிட்ட ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் கடைசியாக மிஞ்சிய வீட்டில் இருக்கிறேன். மற்றவர்களெல்லாம் டவுனில் புந்தோங் பக்கம் போய்விட்டார்கள். கணவர் தவறிவிட்டார். மகன் சிங்கப்பூரில். ஞாயிறுதோறும் போன் பண்ணி, "நீயும் வந்துடும்மா" என்பான். நான் போய்விட்டால் தோட்டத்துக் கோயில் அம்மனுக்கு யார் விளக்கு வைப்பது?

திருவிழாவுக்கு மட்டும்தான் கோயிலில் கூட்டம். மற்ற நாளில் சாயங்காலம் நானே விளக்கேற்றி, நானே மணி அடிப்பேன். அம்மனையும் என்னையும் தவிர அதைக் கேட்க ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் லாலான் புல் மண்டிக் கிடந்த நிலத்தை, பர்மாவிலிருந்து அகதியாக வந்த ஒரு முஸ்லிம் தம்பதி திருத்தினார்கள். சொந்த ஊரில் வயல் வைத்திருந்தவர்களாம், ராணுவம் வந்து வீட்டோடு எரித்துவிட்டதாம். இங்கே பழைய ரப்பர் வேர்களைத் தோண்டி எடுத்து, பாத்தி கட்டி, வெண்டையும் புளிச்சக்கீரையும் போட்டார்கள். முதல் அறுப்பில் ஒரு கட்டுக் கீரையைக் கோயில் வேலியில் செருகிவிட்டுப் போனார்கள். அம்மனுக்குப் படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று, நானும் படைக்காத வாழைப்பழமாகப் பார்த்து அதே வேலியில் மாட்டி வைப்பேன். எங்களுக்குள் பழக்கம் அவ்வளவுதான்.

அன்று விளக்கேற்றப் போகுமுன், கோயில் குழாயடியில் பாசி வழுக்கி விழுந்தேன். கணுக்கால் முறிந்துவிட்டது. கைப்பேசி வீட்டில். கத்திப் பார்த்தேன். மணி போகும் தூரத்துக்கு என் குரல் போகவில்லை. மகன் கூப்பிட ஞாயிறு வர வேண்டும். "தாயே, உன் வாசலிலேயே விட்டுடாதே" என்று அழுதேன். இருட்டத் தொடங்கியது.

வேலிக்கு வெளியே ஒரு குரல். "அக்கா! அக்கா! மணி இல்லே. ஏன் மணி இல்லே?"

புந்தோங் கடைகளுக்குக் காய் போட்டுப் பழகிய தமிழ்; ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர்தான். கோயிலுக்குள் வரத் தயங்கிச் செருப்பைக் கழற்றினார். மனைவியை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். இருவருக்கும் முழங்கால்வரை சேறு. என் மணி கேட்டதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி வீட்டுக்குப் போவது அவர்கள் வழக்கமாம். அன்று மணிக்குக் காத்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "கீரை எல்லாம் நீச்சல் அக்கா!" என்றார். அந்த வலியிலும் சிரித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக, காய் ஏற்றும் மோட்டார் வண்டியில், வெண்டைக்காய்க் கூடைகளுக்கு நடுவே என்னை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் என் காலை மடியில் தாங்கிக்கொண்டாள். ஈப்போ சாலைக்கு வந்தால் போலீஸ் சோதனை. அவர்களிடம் அகதி அட்டை மட்டும்தான். பிடித்தால் தடுப்பு முகாம் என்று பயந்து, பொழுது சாய்ந்தால் சாலைப் பக்கமே வராதவர்கள்.

"நிறுத்து தம்பி, நான் இறங்கிக்கிறேன். வேற வண்டி ஏதாச்சும் வரும்லா," என்றேன்.

"சும்மா இரு அக்கா."

போலீஸ்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவர்கள் உங்களுக்கு யார் என்று என்னிடம் மலாயில் கேட்டார்.

"ஜிரான் சாயா, துவான்," என்றேன். என் பக்கத்து வீட்டுக்காரங்க, ஐயா. அந்த வார்த்தையை வாயால் சொல்லி எத்தனை வருஷமாயிற்று! அவர் என் காலைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொல்லிக் கையசைத்தார்.

கால் கூடி, நான் மறுபடி மணி அடித்த அன்று ஓடைக்கு அப்பாலிருந்து "அக்கா!" என்று ஒரு கூவல் வந்தது. போன வருஷம் நிலம் கைமாறியதும், கமுந்திங் பக்கம் வேறு நிலம் தேடிப் போய்விட்டார்கள். பாத்திகளில் லாலான் மறுபடியும் ஏறிவிட்டது.

இப்போதும் தினமும் மணி அடிக்கிறேன். அடித்து முடித்ததும் ஓடைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நிற்பேன். தாயே, அந்த இரண்டு பேரும் எங்கே இருந்தாலும், வேலை முடிந்து திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு வீடு இருக்கட்டும் என்று.